மடிகணினியைத் திருத்தக் கொடுக்கும் முன்: மீட்புச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஏ9, ஏ6 வீதிகள் சந்திக்கும் தம்புள்ளையில், விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் மரக்கறி இங்கு மொத்தமாகக் கைமாறுகிறது. இத்தகைய சந்தையில் வியாபாரியின் முதல், கடையில் அடுக்கிய சரக்கு மட்டுமல்ல. யாருக்கு எவ்வளவு முற்பணம் கொடுத்தோம், யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கும் முதல்தான். அந்தக் கணக்கு கொப்பியிலிருந்து மடிகணினிக்கு மாறும்போது புதிய ஆபத்தொன்றும் கூடவே வருகிறது. விண்டோஸ் பழுதாகித் திருத்தக் கொடுத்து வாங்கினால், கோப்புகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் திறக்காது.

இதற்குக் காரணம் மறைகுறியாக்கம். திருடன் கையில் கணினி அகப்பட்டாலும் கோப்புகளை அவன் வாசிக்க முடியாதபடி காப்பதே இதன் வேலை. சாவியைத் தொலைத்துவிட்டால் உரிமையாளரும் திருடனும் அதற்கு ஒன்றுதான். விண்டோஸில் இது இரண்டு வகையாக அமைகிறது.

முழு வட்டையும் பூட்டும் முறை

முதலாவது பிட்லொக்கர். இது வட்டை முழுவதுமாகப் பூட்டும். சாவி, தாய்ப்பலகையிலுள்ள பாதுகாப்புச் சில்லின் துணையோடு தானாகத் திறந்துகொள்வதால், வழமையான நாட்களில் பூட்டு இருப்பதே தெரியாது. தாய்ப்பலகையை மாற்றினாலோ, பயோஸ் அமைப்பில் கைவைத்தாலோ, வட்டைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினாலோ 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கும்.

"நான் அப்படி எதையும் பூட்டவில்லையே" என்று பலர் நினைக்கலாம். ஆனால் 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் உள்நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். கணினியை விற்ற கடைக்காரர் தனது மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தால், உங்கள் சாவி அவரிடம்தான் இருக்கும்.

2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஒரு கோப்பை அழித்தால் போதும் என்பதே தீர்வாக இருந்தது. ஆனால் பிட்லொக்கர் இருந்த பல கணினிகளில், அந்தக் கோப்பை நெருங்கவே 48 இலக்கங்கள் தேவைப்பட்டன. சாவியைக் கைவசம் வைத்திருந்தவர்கள் விரைவாக மீண்டார்கள்.

தனிக் கோப்புகளைப் பூட்டும் முறை

இரண்டாவது இஎஃப்எஸ். இது விண்டோஸ் 2000 உடன் வந்தது. ஹோம் பதிப்பில் இல்லை, புரோ பதிப்பில் உண்டு. பூட்டிய கோப்புகளை ஒரு சிறு பூட்டு அடையாளமோ, பச்சை நிறப் பெயரோ காட்டிக்கொடுக்கும். இதன் சாவி, பயனரின் கணக்குக்குள் சான்றிதழாக இருக்கும். வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டபின், அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்தாலும் கணினி அதை வேறொரு ஆளாகவே கருதும். கோப்பின் உரிமையை மாற்றுவதாலும் பயனில்லை. மறந்துபோன கடவுச்சொல்லை நிர்வாகி வலிந்து மாற்றினாலும் இதே கதிதான்.

திருத்தக் கொடுக்கும் முன் செய்யவேண்டியவை

• மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியிலுள்ள மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணினித் திரையில் தோன்றும் சாவி அடையாளமும் கணக்கிலுள்ள அடையாளமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.
• இஎஃப்எஸ் பயன்படுத்தினால், சான்றிதழைத் தனிச் சாவியுடன் பென் டிரைவில் ஏற்றுமதி செய்யுங்கள். அதற்கு இடும் கடவுச்சொல்லை மறக்காதீர்கள். வேறொரு கணினியில் அதைக் கொண்டு ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.
• பயோஸை இற்றைப்படுத்தும் முன் பிட்லொக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்தச் சொல்லுங்கள்.
• விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்தால், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு அதன்மேலேயே மீள நிறுவும் வழியை முதலில் கேளுங்கள்.
• "போர்மட் செய்யட்டுமா?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பழைய கணக்கின் கோப்புறைகள் அழியாமல் இருந்து, பழைய கடவுச்சொல்லும் தெரிந்திருந்தால், இஎஃப்எஸ் சாவியை நிபுணர் ஒருவரால் மீட்க வாய்ப்புண்டு. விண்டோஸ்.ஓல்ட் கோப்புறை பொதுவாக 10 நாட்களில் தானாக அழிக்கப்பட்டுவிடும்.

சாவியைப் போலவே முக்கியமானது தனியான காப்புப் பிரதி. 2023இல் இலங்கை அரச மேகக் கணிமை மீது கப்பம் கோரும் தீம்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல் தரவுகள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய பாதுகாப்பான பிரதி இருக்கவில்லை. அங்கே சாவி தாக்கியவர்களிடம் இருந்தது. உங்கள் கணினியில் அது எங்கே இருக்கிறது என்பதை, கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே பார்த்து வையுங்கள்.