ஓவியத் திரையும் ஏரிக்கரையும்

சென்ற பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்தபோது, பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து எங்கள் குடும்பப் படம் ஒன்று கிடைத்தது. 1966இல் எடுத்தது. தந்தையார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தாயார் பட்டுச்சேலையுடன் அருகே நிற்கிறார். முன்னே நானும் தம்பியும். எங்களுக்குப் பின்னால் ஓர் ஏரி, இரண்டு அன்னங்கள், பளிங்குப் படிக்கட்டு. அத்தனையும் திரைச்சீலையில் தீட்டியவை. அம்பத்தூர் ஏரியோ அந்த ஸ்டுடியோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது! ஏரியை விட்டுவிட்டு ஏரியின் ஓவியத்துக்கு முன் ஏன் போய் நின்றோம்?

1856 ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. அந்தப் பாதை அம்பத்தூர் வழியாகத்தான் செல்கிறது. அதே ஆண்டில் சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் தோன்றியது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1858இல் அவர் தஞ்சை, மதுரை, ஸ்ரீரங்கம் ஆகிய இடங்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்களில் கல் துலங்குகிறது, மனிதர் அரிது. அக்காலத்துக் காகித நெகடிவில் வெகுநேரம் ஒளி விழவேண்டும். கோபுரம் அசையாமல் நிற்கும், மனிதன் நிற்பானா?

மனிதரைப் பிடிக்க வல்ல முறை 1851இல் வந்த ஈரத் தகடு. கண்ணாடியில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, காயுமுன்னரே இருட்டறையில் கழுவியும் ஆகவேண்டும். வெளியில் படமெடுக்கப் புறப்பட்டவர் இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனப் புட்டிகளையும் சுமந்து சென்றாக வேண்டும். ஆகவே குடும்பம்தான் ஸ்டுடியோவைத் தேடி வந்தது. அங்கே கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கும். தலை அசையாதிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி இருக்கும். பழைய படங்களில் நம் முன்னோர் விறைத்து நிற்பதற்குக் கோபம் காரணமன்று.

1871இல் ரிச்சர்டு மேடக்ஸ் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அதன்பின், முன்கூட்டியே பூசிய தகடுகளை எங்கும் கொண்டுசெல்ல முடிந்தது. படமெடுப்பவர் வீட்டுக்கே வரலானார். வந்தவர் என்ன செய்தார்? முற்றத்தில் நாற்காலி போட்டு, சுவரில் ஒரு ஜமுக்காளத்தையோ வெள்ளை வேட்டியையோ கட்டி, அதன் முன்னால் குடும்பத்தை நிறுத்தினார்! வெளியிலே போயும் ஸ்டுடியோவின் ஆசை விடவில்லை. ஆனால் துணிக்கு ஓரம் உண்டல்லவா? அந்த ஓரத்துக்கு அப்பால் திண்ணைத் தூண் தெரியும், உரல் தெரியும், எட்டிப் பார்க்கும் சிறுமி தெரிவாள். அச்சிடும்போது அவற்றை வெட்டிவிடுவார்கள். தகட்டில் அவை தங்கிவிடும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை 2010களில் தேடியெடுத்துக் கணிப்பொறிப் பதிவாக்கினர். சரித்திரம் பயிலும் மாணவர்கள் அத்தகைய படங்களைக் காணும்போது, நடுவில் நிற்பவரைப் பார்த்தபின் ஓரத்தையும் பாருங்கள்.

எங்கள் படத்துக்கு ஓரமே இல்லை. திரை சட்டத்தை முழுவதும் நிரப்பிவிட்டது.

அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது; 1964இல் தொழிற்பேட்டை அமைந்தது. வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967இல் உற்பத்தியைத் தொடங்குமுன், பிலிம் என்பது கப்பலில் வந்த சரக்கு. எங்கள் நிலையில் ஒரே ஒரு படம்தான் எடுக்க இயலும். அதை ஊருக்கு அனுப்ப வேண்டும். எங்கே எடுப்பது?

"நம் வேப்பமரத்தடியில் நில்லுங்களேன். அந்த மாதிரி மரம் எந்த ஸ்டுடியோவில் இருக்கிறது?" என்றார் பாட்டனார்.

"மரத்துக்குப் பின்னால் சுவர் தெரியுமே, மாமா" என்றார் தாயார்.

பூச்சு உதிர்ந்த மண்சுவர் அது. பாட்டனார் மறுமொழி சொல்லவில்லை. படத்துக்கும் வரவில்லை.

கல்லூரி நாட்களில் இதை எண்ணித் தாயார்மீது எனக்கு வருத்தம் உண்டு. இன்று அந்தச் சுவர் இல்லை, மரம் இல்லை. பாட்டனாரின் முகமும் எந்தப் படத்திலும் இல்லை. வெளியில் எடுத்திருந்தால் மூன்றும் கிடைத்திருக்கும். ஆயினும் தாயாரின் பக்கத்து நியாயத்தை நான் பிற்காலத்தில்தான் கண்டேன். மாளிகை உள்ளவருக்கு மாளிகை வாசல் பின்னணி ஆகும். மண்சுவர்க்காரருக்கு, கூலி கொடுத்த கால்மணி நேரமாவது அன்னம் நீந்தும் ஏரிக்கரை கிடைத்தது. தாயார் வேறெந்தப் படத்திலும் அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.

பெட்டியில் கண்ட படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அன்று புறப்படும் நேரத்தில் தம்பி எங்கள் கையை உதறிக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடிவிட்டான். இழுத்து வந்து அவசர அவசரமாகக் காலைத் துடைத்தோம். பளிங்குப் படிக்கட்டின் முன்னால் நிற்கும் அவனுடைய இடது கணுக்காலில், காய்ந்த சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது.