மைசூரு லலித மஹால்: ஹோட்டல் நிறுவனங்கள் இணையும்போதும் பிரியும்போதும் நிகழ்வது என்ன?

மைசூரு: சாமுண்டி மலையடிவாரத்தில் அமைந்துள்ள லலித மஹால் அரண்மனை ஹோட்டல், கடந்த அரை நூற்றாண்டில் ஹோட்டல் நிறுவனங்களின் இணைப்பு, பிரிப்பு, கைமாற்றம் ஆகியவற்றுடன் நெருங்கிய தொடர்பு கொண்டது. இத்தகைய நடவடிக்கைகளில் கட்டடத்துக்கும் ஊழியர்களுக்கும் என்ன நேர்கிறது என்பதை இதன் வரலாறு விளக்குகிறது.

அரண்மனை ஹோட்டலானது எப்படி?

மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், ஆங்கிலேய வைஸ்ராய் தங்குவதற்காக இந்த அரண்மனையை எழுப்பினார். 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த வெண்ணிற மாளிகையை மும்பையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ.டபிள்யூ. ஃபிரிட்ச்லி வடிவமைத்தார். இதன் மையக் குவிமாடம் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை நினைவூட்டுவது. 1974-இல் ஹோட்டலாக மாற்றப்பட்ட இந்த அரண்மனை, மத்திய அரசின் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் (ஐடிடிசி) 'அசோக்' குழுமத்தில் இடம்பெற்றது.

'அசோக்' என்ற பெயரின் பின்னணி

அந்தப் பெயரே ஒரு நிறுவன இணைப்பின் வழியாக ஐடிடிசிக்குக் கிடைத்ததாகும். யுனெஸ்கோ பொது மாநாடு 1956-இல் புது தில்லியில் நடைபெற்றபோது, வெளிநாட்டுப் பிரதிநிதிகளைத் தங்கவைப்பதற்காக அசோகா ஹோட்டல் கட்டப்பட்டது. அதை நடத்திய அசோகா ஹோட்டல்ஸ் நிறுவனத்தில் முன்னாள் சமஸ்தான மன்னர்கள் சிலரும் முதலீடு செய்திருந்தனர்.

இதனிடையே, 1963-இல் எல்.கே. ஜா குழு அளித்த பரிந்துரையை ஏற்று, விடுதி, சுற்றுலாப் பிரசாரம், போக்குவரத்து ஆகியவற்றுக்கென மூன்று அரசு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. சிறு நிறுவனங்களாகத் தனித்தனியே இயங்குவது சிக்கனமாகாது எனக் கருதப்பட்டதால், 1966 அக்டோபரில் அவை மூன்றும் ஒன்றாக்கப்பட்டு ஐடிடிசி உருவானது. 1970 மார்ச்சில் அசோகா ஹோட்டல்ஸ் நிறுவனமும் ஐடிடிசியுடன் இணைக்கப்பட்டது. அதன் பிறகு நாட்டின் பல நகரங்களில் 'அசோக்' என்ற பெயரில் ஹோட்டல்கள் தோன்றின.

இணைப்பு என்றால் என்ன?

சட்டப்படி, இணைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் சொத்து, கடன், ஒப்பந்தம், வழக்கு ஆகிய அனைத்தும் மற்றொரு நிறுவனத்தைச் சென்றடைவதாகும். இணைந்த நிறுவனம் தனியாகக் கலைப்பு நடவடிக்கை ஏதுமின்றி மறைந்துவிடும். அதன் பங்குதாரர்களுக்குப் புதிய நிறுவனத்தின் பங்குகள், நிர்ணயிக்கப்பட்ட விகிதத்தில் வழங்கப்படும்.

தற்போது, 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகள் இதற்கு வழிவகை செய்கின்றன. வாக்களிக்கும் பங்குதாரர்களிலும் கடன் அளித்தோரிலும் பெரும்பான்மையினர், மதிப்பில் நான்கில் மூன்று பங்கைக் கொண்டவர்களாக இருந்து ஆதரிக்க வேண்டும். அதன் பின்னர் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவை. சொத்து மதிப்பும் விற்றுமுதலும் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதியும் பெற வேண்டும்.

ஹோட்டல் தொழிலில் கட்டடத்தின் உரிமையாளர், அதை நடத்துபவர், பெயர்ப்பலகைக்கு உரியவர் ஆகிய மூவரும் வெவ்வேறாக இருப்பது இயல்பு. அமெரிக்காவின் மாரியட் நிறுவனம் 2016-இல் சுமார் 1,300 கோடி டாலர் மதிப்பில் ஸ்டார்வுட் நிறுவனத்தை இணைத்துக்கொண்டபோது, முப்பது பெயர்களில் 5,700-க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கட்டட உரிமையாளர்கள் மாறவில்லை.

பிரிக்கப்பட்ட ஹோட்டல்கள்

இணைப்பின் எதிர்த்திசை நடவடிக்கை 2001-02-இல் நிகழ்ந்தது. மத்திய அரசின் பங்கு விலக்கல் கொள்கையின்படி, ஐடிடிசியின் பல ஹோட்டல்கள் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுத் தனியாருக்கு விற்கப்பட்டன. மதுரை அசோக், மாமல்லபுரம் கடற்கரை விடுதி, கர்நாடகத்தின் ஹாசன் அசோக் ஆகியவை அவ்வாறு கைமாறின. பெங்களூரு அசோக் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. லலித மஹால் அந்தப் பட்டியலில் சேராமல் ஐடிடிசி வசமே நீடித்தது.

பின்னர், மாநில அரசுகளுக்குச் சொந்தமான இடங்களில் இயங்கும் ஹோட்டல்களை அந்தந்த அரசுகளிடமே ஒப்படைக்க முடிவு செய்யப்பட்டது. லலித மஹாலைக் கர்நாடக அரசிடம் ஒப்படைக்க மத்திய அமைச்சரவை 2017 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. ஐடிடிசியின் வணிக இழப்புக்கு ஈடாக ரூ.7.45 கோடி நிர்ணயிக்கப்பட்டது. 2018-இல் ஹோட்டல் மாநில அரசின் வசமானது. அதை நடத்தும் பொறுப்பு, மாநில அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸிடம் அளிக்கப்பட்டது.

அந்த நிறுவனமும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதுதான். மைசூரு அருகே கபினி ஆற்றங்கரையில் வனவிடுதி நடத்துவதற்காக 1980-இல் தனியார் கூட்டுடன் தொடங்கப்பட்ட அது, 1987-இல் முழுமையாக மாநில அரசின் நிறுவனமானது.

ஊழியர்களின் நிலை

நிர்வாகம் மாறும்போது விருந்தினர் காண்பது பெயர்ப்பலகையின் மாற்றத்தை மட்டுமே. சமையலறையிலும் வரவேற்பறையிலும் பல ஆண்டுகள் பணிபுரிந்தோருக்கோ பணிமூப்பு, ஓய்வூதியப் பலன், குடியிருக்கும் ஊர் ஆகிய அனைத்தும் கேள்விக்குள்ளாகின்றன.

இதற்கெனவே தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப்எஃப் பிரிவு சேர்க்கப்பட்டது. நிறுவனம் கைமாறும்போது மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. பணித்தொடர்ச்சி அறுபடக் கூடாது. புதிய பணி நிபந்தனைகள் முன்பிருந்ததைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. பிற்காலத்தில் ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய பணிக்காலத்தையும் கணக்கிட்டே இழப்பீடு வழங்க வேண்டும்.

இவற்றுள் ஒன்று தவறினாலும், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளர், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடு பெற உரியவராவார். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இடம்பெற்றுள்ளது. எனினும், ஒப்பந்ததாரர் மூலம் பணியமர்த்தப்பட்டவர்கள், ஹோட்டலின் நேரடித் தொழிலாளர்கள் அல்லர் என்பதால், பெரும்பாலும் இதன் வரம்புக்கு வெளியே நிற்க நேர்கிறது.

ஆகவே, ஹோட்டல் நிறுவனங்கள் இணைவதாகவோ பிரிவதாகவோ செய்தி வெளியாகும்போது, பங்குப் பரிமாற்ற விகிதத்துடன் மேலும் இரண்டு விவரங்களைக் கவனிப்பது அவசியம்: கட்டடமும் நிலமும் யாருக்குச் சொந்தம், ஊழியர்களின் பழைய பணிக்காலம் கணக்கில் கொள்ளப்படுகிறதா என்பவையே அவை.