பாலிகிராஃப்

பாலிகிராஃப் என்னும் பெயர் மூன்று பொருள்களில் வழங்குகிறது.

1. படியெடுக்கும் கருவி. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் 1803-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டங்களால் பிணைத்த இரு பேனாக்களில் ஒன்றால் எழுத, மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1804 முதல் தம் கடிதங்களுக்கு இவ்வாறே படி எடுத்து வைத்தார்.

2. பல நூல்களை எழுதிக் குவித்தவர். இன்று அருகிய வழக்கு.

3. உண்மை கண்டறியும் கருவி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல் துறையைச் சேர்ந்த ஜான் லார்சன் 1921-இல் உருவாக்கினார். இன்றைய கருவியில் மார்பைச் சுற்றிய குழாய்கள் மூச்சையும், கையில் கட்டிய பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும், விரல்களில் பொருத்திய தகடுகள் வியர்வையால் தோலின் மின்கடத்தலில் நேரும் மாற்றத்தையும் பதிவு செய்யும். வழக்கு தொடர்பான கேள்விகளுக்கும் பிற கேள்விகளுக்கும் பதிவாகும் கோடுகளை ஒப்பிட்டுச் சோதனையாளர் முடிவு சொல்வார்.

கருவி அளப்பது உடலின் பதற்றத்தைத்தான், பொய்யை அல்ல. நிரபராதியும் அச்சத்தால் பதறலாம். பழகிய குற்றவாளி அமைதியாக இருந்துவிடலாம். எனவே இதன் முடிவை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி என்பது அநீதி.

செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், ஒருவரது சம்மதமின்றி இச்சோதனை நடத்தக் கூடாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும், சோதனை முடிவு மட்டுமே சாட்சியமாகாது.