கள்ளுக்கடை மறியலும் குடி மறந்தோர் கூட்டமும்

குடியைக் கடிந்து பேசுவது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை' என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், குடியில் ஆழ்ந்துவிட்ட ஒருவன் 'இனி வேண்டாம்' என்று எண்ணும் நாளில் எங்கே செல்வது? யாரிடம் பேசுவது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், நம் கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தல் பயனுடைத்து.

கள் வந்த வழி

ரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடை தானே முளைத்ததன்று. ஆங்கில ஆட்சியின் அனுமதியோடு, தோட்ட நிர்வாகத்தின் கண்பார்வையிலேயே அது நடந்தது. அரசாங்கத்துக்கு வருவாய் கிடைத்தது. தொழிலாளியும் தோட்ட எல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தான். கடையின் இலாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளர் நலனுக்கென்று செலவிட்டதும் உண்டு. தந்தையின் கூலியைக் கடையில் வாங்கிக்கொண்டு, குடும்பத்துக்கு அதில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தந்த கணக்கு அது!

எதிர்ப்புக் குரல் போருக்கு முன்னரே எழுந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர், கூலி உயர்வு கேட்டதோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். அப்போராட்டத்தை நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

கெடாவின் தொண்டர் படை

ஜப்பானியர் ஆட்சியில் பசியையும் சயாம் மரண ரயில் பாதையையும் கண்டு மீண்டவர்கள், பழைய தொழிலாளர்களாகத் திரும்பவில்லை. இந்திய தேசிய இராணுவம் கற்பித்த ஒழுங்கும் தன்மானமும் அவர்களிடம் ஊறியிருந்தன. அந்த மண்ணில் எழுந்ததே தொண்டர் படை. பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்தின் ஏ. எம். சாமி அதன் தலைவர். இளைஞர் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடை வாயிலில் நின்று மறியல் செய்தனர். 'குடிக்காதே' என்று கேட்டுக்கொண்டனர்.

1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போலீசார் தலையிட்டனர். பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் மோதல் மூண்டது; அடுத்த சில நாள்களில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின. பலர் சிறை சென்றனர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபோது இத்தகைய இயக்கங்களுக்கு இடமே இல்லாது போயிற்று.

இவ்வீரத்தை நாம் மறத்தல் தகாது. எனினும் வரலாறு கற்பிப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தொண்டர் படை கடையின் கதவை அடைக்க முனைந்தது. குடிப்பவனுக்கென ஒரு கதவைத் திறந்து வைக்க அதற்குக் காலம் வாய்க்கவில்லை. கள் குறைந்த இடத்தில் பின்னாளில் 'சம்சு' என்னும் மலிவுச் சாராயம் புகுந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். குடியும் உடன் பெயர்ந்தது.

கூடிப் பேசும் மருந்து

தொண்டர் படைக்குப் பதினோராண்டு முன்னர், 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் வேறொரு முயற்சி பிறந்தது. பங்குத்தொழில் செய்த பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள். ஒருவரோடொருவர் பேசியே குடியை விட்டனர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என உலகெங்கும் பரவிய கழகத்தின் தொடக்கம் இதுவே. இங்குக் கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, உபதேசம் செய்வாரும் இல்லை. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே நுழைவுச்சீட்டு. தான் விழுந்த கதையை ஒருவன் சொல்ல, அவ்வாறே விழுந்தெழுந்தவன் கேட்கிறான். தமிழ்நாட்டில் இக்கூட்டங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன. மலேசியாவிலும் இக்கழகம் உண்டு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் நிறுவனம் இன்னும் ஒருபடி சென்றது. மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளை எண்ணி, மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சிகிச்சை முகாமைக் கொண்டு சென்றது. ஊராரும் குடும்பத்தாரும் அதில் துணை நின்றனர். நோயாளியைத் தேடி மருந்து சென்றது என்க.

நாம் செய்யத்தக்கது

பாடாங் மேஹா போன்ற ஊரில் வாழும் ஒருவன், கூட்டத்தைத் தேடிப் பட்டணம் போய் வர ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். ஊரார் கண்டுவிடுவரோ என்னும் நாணம் வேறு. ஆகவே கூட்டம் அவனை நாடி வருவதே முறை. வாரம் ஒரு மாலை, தோட்டக் கோயில் மண்டபமோ பொதுமண்டபமோ ஓர் அறை போதும். அதைக் கேட்டு வாங்கித் தரவும், குடியை விட்டு மீண்ட ஒருவரைப் பட்டணத்திலிருந்து அழைத்து வரவும் ஆசிரியரால் இயலும். பின்னர் அவர் விலகி நிற்கவேண்டும். அங்கே பேசுவோர் பெயரைப் பள்ளியில் உச்சரித்தலும் ஆகாது.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். அவரை முதலில் மருத்துவரிடம் காட்டுவது கடமை. கூட்டம் அதற்குப் பின்னர் நெடுவழித் துணையாகும்.

வகுப்பில் காலையிலேயே கண் சொருகும் பிள்ளையை நாம் அறிவோம். முந்தைய இரவு அவன் வீட்டில் நடந்ததையும் நம்மால் ஊகிக்க முடியும். அப்பிள்ளைக்கு நாம் நடத்தும் பாடம் அவன் தந்தைக்குக் கிடைக்கும் அந்த ஒரு மாலையையும் சார்ந்தது. மறியலுக்கு அன்று உயிரைக் கொடுத்தவர்கள் இதே மாநிலத்தார். இன்று நம்மிடம் வேண்டுவது ஓர் அறையும் சில நாற்காலிகளும் வாய்காக்கும் பண்புமே.