எது அசல்?

ஒரே பாட்டைப் பற்றி இரண்டு ரசிகர்கள் இரண்டு மணி நேரம் சண்டை போட முடியுமா? முடியும் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்திலேயே கண்டேன். ஒருவர் அடுத்த வீட்டுக்காரர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவன் என் தமையன் மகன். வழக்கு, பீட்டில்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' என்ற பாட்டைப் பற்றியது.

"எங்கள் காலத்து ரிகார்டுதான் ரிகார்டு. வயலின்களெல்லாம் சேர்ந்து எழும்பும்போது உடம்பு சிலிர்க்கும்" என்றார் அவர்.

"அந்த வயலினே பின்னால் ஒட்டவைத்ததுதானே, மாமா! 2003-ல் வந்த தட்டைக் கேளுங்கள்."

"தோரணம் இல்லாமல் கல்யாணமா, தம்பி?"

"தோரணம் கட்டுகிறவன் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

இதற்குப் பதில் வரவில்லை, காப்பிதான் வந்தது.

பையன் சொன்னதில் நியாயம் உண்டு. 1969 ஜனவரி 2-ஆம் தேதி லண்டன் டுவிக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் நால்வரும் கூடியபோது, மெருகு ஒன்றும் பூசாமல், சேர்ந்து வாசிப்பதை அப்படியே பதிவு செய்வது என்பதுதான் திட்டம். சுற்றிலும் காமிராக்கள். 10-ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிஸன் கோபித்துக்கொண்டு வெளியேறினார். சமாதானமாகித் திரும்பியபின், சாவில் ரோ வீதியில் அவர்களுடைய சொந்தக் கம்பெனிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வேலை தொடர்ந்தது. 30-ஆம் தேதி அதே கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்த கச்சேரிதான் அவர்கள் பலர் அறிய வாசித்த கடைசிக் கச்சேரி.

அந்த ஒலிநாடாக்களைக் கிளின் ஜான்ஸ் தொகுத்துக் கொடுத்தார். குழுவினருக்குப் பிடிக்கவில்லை. பிறகு அவை அமெரிக்கரான பில் ஸ்பெக்டரின் கைக்குப் போயின. 1970 ஏப்ரல் 1-ஆம் தேதி அவர் வாத்தியக் கோஷ்டியையும், 14 பெண்களின் கோரஸையும் சேர்த்தார். பாட்டை இயற்றிய பால் மக்கார்ட்னிக்கு விஷயம் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தச் சத்தங்களைக் குறைக்கவேண்டும், கடைசியில் வரும் 'ஹார்ப்' வாத்தியத்தை அடியோடு எடுக்கவேண்டும் என்று கடிதம் எழுதினார். பலன் இல்லை. மே 8-ஆம் தேதி தட்டு வெளிவந்தது. குழுவைக் கலைக்கக் கோரி அவர் தொடுத்த வழக்கில் இந்தப் பாட்டும் ஒரு புகாராக ஏறியது.

1996-ல் 'ஆந்தாலஜி' மூன்றாம் தொகுப்பில், அதே பதிவு வயலின்கள் இல்லாமல் வெளிவந்தது. இப்போது வேறொன்று காதில் விழுந்தது: ஜான் லென்னன் வாசித்த பாஸ் கிடாரில் அங்கங்கே பிசகுகள்!

"தோரணம் எதை மறைக்கக் கட்டினார்கள் என்று தெரிகிறதா?" என்று அடுத்த வீட்டுக்காரர் துள்ளினார்.

2003-ல் 'லெட் இட் பி... நேக்கட்' வந்தது. ஆடை அணிகளைக் களைந்த அசல் என்று அதற்கு விளம்பரம். ஆனால் அதிலுள்ள நம் பாட்டு ஜனவரி 31-ல் வாசித்த வேறொரு பதிவு. மொட்டை மாடியில் இரண்டு முறை வாசித்ததை ஒன்றாக ஒட்டிய பாட்டுக்களும் அதில் உண்டு. அம்மணம் என்று பெயர். தையற்காரர் கை பட்டுத்தான் இருக்கிறது! ஸ்பெக்டரின் வேலையைப் புகழ்ந்திருந்த லென்னன் 1980-லேயே போய்விட்டார். ஆட்சேபிக்க அவர் இல்லை.

சினிமாச் சுருள்களின் கதை இன்னும் விசித்திரம். 1970-ல் வந்த படத்தைப் பார்த்தவர்கள், அது ஒரு குடும்பம் பிரிந்த கதை என்றே நினைத்தார்கள். ஏறக்குறைய 60 மணி நேரச் சுருள்களிலிருந்து பீட்டர் ஜாக்ஸன் 2021-ல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு படம் தொகுத்தார். அதில் மனஸ்தாபம் இருக்கிறது. சிரிப்பும் கும்மாளமும் அதைவிட அதிகம். அதே மனிதர்கள், அதே ஜனவரி, கத்திரிக்கோல்தான் வேறு.

எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. என் பழைய டிரங்குப் பெட்டியில் அடித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதிகள் கிடக்கின்றன. நான் வேண்டாமென்று ஒதுக்கிய முடிவுகளை நாளை ஒருவர் எடுத்து, 'இதுதான் அசல் நாவல்' என்று போட்டுவிட்டால்? கொளுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியதுண்டு. இப்போது அந்த எண்ணம் இல்லை. வெளியிடட்டும், எது முதலில் எழுதியது, எதை யார் எப்போது மாற்றினார் என்று சொல்லி வெளியிட்டால் போதும். அசல் என்ற முத்திரையை மட்டும் குத்த வேண்டாம்.

தீர்ப்புச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"தம்பி, அந்த 1996 பதிவை இன்னொரு தரம் வை. அந்தப் பிசகு வருகிற இடம்..."

பையன் வைத்தான். இருவரும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.