செவிப்பறை

செவி, பறை என்னும் இரு பதங்கள் புணர்ந்து, இடையே வல்லொற்று மிக்கு அமைந்த தொகைச்சொல். புறச்செவியின் துளை முடியும் இடத்தில், அதனை நடுச்செவியினின்று பிரித்து நிற்கும் மெல்லிய சவ்வைக் குறிப்பது.

பறை என்பது தோற்கருவிக்குரிய பழம்பெயர். தொல்காப்பியர் அதனை நிலங்களின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறார். பறைதல் என்னும் வினை சொல்லுதலைக் குறிப்பதையும், மலையாளத்தில் அது இன்றும் அன்றாடப் பேச்சில் வழங்குவதையும் நினைத்தால், சொல்லும் கருவியின் பெயரே கேட்கும் உறுப்புக்கும் வாய்த்த நயம் புலனாகும்.

ஈரக்காற்றில் தளர்ந்த தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்த பின்னரே பறை அறையத் தொடங்குவதைக் கண்ட மாணாக்கர்க்கு, சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமே உடைய செவிப்பறையும் விறைப்பாக அமைந்திருப்பதாலேயே நன்கு அதிர்கிறது என்பது எளிதில் விளங்கும். காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் வரும் சப்த அலை அதனை அசைக்க, அவ்வசைவு சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியின் நத்தையெலும்புக்குச் சென்று, அங்கு நரம்புத் துடிப்பாக மாறி மூளையை அடைகிறது.

புறத்தே உள்ள பறை கோலால் அடிபட்டுக் காற்றை அசைக்கிறது. செவியில் உள்ள பறையோ காற்றால் அசைகிறது. இத்துணை நுண்ணிய தோலைக் குச்சியோ கொண்டையூசியோ கிழித்துவிடக்கூடும். ஆதலின் காதைக் குடையாதிருப்பதே அறிவுடைமை.