வலைப்பக்க அட்டவணைகளைத் திருத்தும் வசதியின் வரலாறு

வலைப்பக்கத்தில் உள்ள தரவு அட்டவணையை வாசகரே அந்த இடத்திலேயே திருத்த உதவும் வசதி, 2000க்குப் பின்னரே பரவலானது. ஆனால் அதன் எண்ணம் வலையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1990 இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைத் தொகுக்கவும் வல்லது. பின்னர் 1993 இல் வெளிவந்து பரவிய மொசைக் உலாவி படிப்பதற்கே பெரிதும் பயன்பட்டது.

எச்.டி.எம்.எல். அட்டவணைக்கான வரையறை 1996 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1942 ஆக வெளியானது. அந்த அட்டவணை, பள்ளிச் சுவரில் ஒட்டிய கால அட்டவணை போன்றது. பார்க்கலாம், மாற்ற முடியாது. ஓர் எண்ணைத் திருத்தவும் தனிப் படிவம் திறந்து, நிரப்பி அனுப்பி, முழுப் பக்கமும் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2000 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5, பக்கத்தின் எப்பகுதியிலும் நேரடியாகத் தட்டச்சு செய்ய உதவும் 'கன்டென்ட்-எடிட்டபிள்' பண்பைக் கொண்டுவந்தது. விந்தை என்னவெனில், அட்டவணைக் கட்டத்திற்கு அப்பண்பை நேரடியாக இட இயலவில்லை. கட்டத்துக்குள் வேறொரு கூற்றை வைத்து, அதற்கே இட வேண்டியிருந்தது.

தட்டச்சு செய்த மாற்றம் வாசகரின் திரையில் மட்டுமே இருக்கும். வழங்கிக்குச் சென்றால்தான் நிலைக்கும். பக்கத்தை மீளேற்றாமல் தரவை அனுப்பும் வழி 1999 முதலே இருந்தாலும், 2005 இல் 'அஜாக்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்ட பின்னரே பரவலாக அறியப்பட்டது.

இதைவிடக் கடினமான சிக்கல் வேறு. இருவர் ஒரே அட்டவணையைத் திறந்து, இருவரும் முழு அட்டவணையையும் சேமித்தால், பிந்தியவரின் படியே நிற்கும்; முந்தியவரின் திருத்தம் அவருக்குத் தெரியாமலே அழியும். மதிப்பெண், இருப்புக் கணக்கு போன்றவற்றில் இது சிறு பிழையன்று. சேமிக்கும்போது பதிப்பை ஒப்பிட்டு எச்சரிப்பது ஒரு தீர்வு. விக்கிப்பீடியா இதனைத் 'தொகுத்தல் முரண்' என்கிறது. மாறிய கட்டத்தை மட்டும் உடனுக்குடன் அனுப்புவது மற்றொன்று. 2006 சூனில் அறிமுகமான கூகுள் விரிதாளில் பலர் ஒரே நேரத்தில் எழுத முடிந்தது.

விக்கிப்பீடியாவிலோ அட்டவணை நெடுங்காலம் குறியீடுகளாகவே தொகுக்கப்பட்டது. ஒரு செங்குத்துக் கோடு விடுபட்டாலும் நிரை குலைந்துவிடும். 2013 இல் பரவலாக அறிமுகமான காட்சித் தொகுப்பானில், அதற்கடுத்த ஆண்டுகளில் நிரை, நிரல்களைச் சேர்க்கவும் நீக்கவும் வழி செய்யப்பட்டது.